படித்துறைப் பாசியும் பல் காரையும்

கேள்வி: நாங்கள் தஞ்சை மாவட்டம் பாபநாசம் பக்கம் ஒரு கிராமம். என் மாமியாருக்கு 66 வயது. ஆறு மாதமாக ஈறில் ரத்தம் கசிகிறது. காலையில் நல்லெண்ணெய் கொப்பளித்துவிட்டு உமிக்கரியால் பல் தேய்க்கிறார், ராத்திரி உப்புத் தண்ணீர். ரத்தம் அதிகமானால் படிகாரத் தண்ணீர். நான்கு நாள் நிற்கிறது, மறுபடி வருகிறது. பேஸ்ட் என்றாலே கெமிக்கல் என்கிறார். என் ஒன்பது வயது மகளுக்கும் இதையே பழக்குகிறார். அவளுக்குக் கீழ்க் கடைவாய்ப் பல்லில் ஓட்டை விழுந்திருக்கிறது, வலித்தால் கிராம்புத் தைலம் வைத்துவிட்டு "பால்பல்தானே, விழுந்துடும்" என்கிறார். என் கணவரோ மருந்துக்கடையிலிருந்து மவுத்வாஷ் பாட்டிலாக வாங்கி அடுக்குகிறார். வீட்டு வைத்தியம் போதுமா, போதாதா? தினமும் இதே சண்டை.

பதில்:

வணக்கம் அம்மா. நான் யார் பக்கம் பேசினாலும் உங்கள் வீட்டு அடுத்த சண்டை என்னை வைத்துத்தான் நடக்கும், பரவாயில்லை. அத்தை செய்வதில் பாதி நல்ல பழக்கம், அதை விடச் சொல்லாதீர்கள். ஆனால் அவருக்கு இருக்கும் பிரச்சினைக்கு அவர் செய்யும் எதுவும் மருந்து இல்லை. உங்கள் கணவரின் பாட்டிலும் இல்லை.

ஏன் என்று சொல்ல உங்கள் ஊர்க் குடமுருட்டி ஆற்றையே எடுத்துக்கொள்கிறேன். ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து தண்ணீர் வந்துவிட்டால் மாதக்கணக்கில் படித்துறை மேல் தண்ணீர் ஓடிக்கொண்டேதான் இருக்கிறது. படியில் இருக்கும் பாசி போகிறதா? காலை வைத்தால் வழுக்கத்தான் செய்கிறது. தேங்காய் நாரோ துடைப்பமோ போட்டுத் தேய்த்தால்தான் போகும். பல்லில் படியும் ஊத்தையும் அப்படித்தான். அது சாப்பாட்டு மிச்சம் இல்லை, கிருமிகள் தமக்குத் தாமே ஒரு பசையைச் சுரந்து பல் மேல் ஒட்டிக்கொண்டு கூட்டமாகக் கட்டும் படலம். தண்ணீரோ எண்ணெயோ மவுத்வாஷோ அதன் மேலாக ஓடிவிட்டுப் போய்விடும். மேலே மிதக்கும் கிருமி கொஞ்சம் சாகும், நாற்றம் குறையும், வாய் புத்துணர்ச்சியாக இருக்கும், அடியில் இருப்பது அப்படியே இருக்கும். தேய்த்து எடுத்தால்தான் உண்டு. எடுக்காமல் விட்டால் உமிழ்நீரில் உள்ள சுண்ணாம்புச் சத்து அதில் இறங்கி சில நாட்களிலேயே கெட்டிப்பட ஆரம்பிக்கும், அதுதான் காரை. காரை கட்டிய பிறகு பிரஷ்ஷும் வேலைக்கு ஆகாது, பல் டாக்டரிடம் கிளீனிங் செய்துதான் எடுக்க வேண்டும்.

அத்தையின் ஈறில் ரத்தம் வருவதற்கு பெரும்பாலும் இந்தக் காரைதான் காரணமாக இருக்கும். ஈறுக்கும் பல்லுக்கும் நடுவில் அது உட்கார்ந்துகொண்டால் ஈறு வீங்கும், சிவக்கும், தொட்டால் கசியும். ரத்தம் வருகிறதே என்று அந்த இடத்தில் தேய்ப்பதை விட்டுவிடுவோம், அங்கே இன்னும் ஊத்தை சேரும், இன்னும் கசியும். இந்தச் சக்கரத்தில் மாட்டாதவர் என்னிடம் வருபவர்களில் குறைவு.

படிகாரம் செய்வது என்னவென்றால், துவர்ப்பு ஈறைச் சுருக்கிவிடும், ரத்தம் நிற்கும். அவ்வளவுதான். பம்ப்செட் மோட்டார் கருகும் நாற்றம் வருகிறது என்று ஷெட் கதவைத் திறந்துவிட்டு வீட்டுக்கு வந்த மாதிரி. நாற்றம் போய்விடும், மோட்டார் கருகிக்கொண்டுதான் இருக்கும். நான்கு நாள் நின்று மறுபடி வருகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அதற்கு இதுதான் அர்த்தம்.

சரி, உப்புத் தண்ணீருக்கு வருகிறேன். எனக்குப் பிடித்த வீட்டு வைத்தியம் அது, என் கிளினிக்கிலேயே தினமும் பத்துப் பேருக்காவது சொல்கிறேன். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீர், 200 மில்லி, அதில் அரை டீஸ்பூன் உப்பு, நன்றாகக் கரைந்திருக்க வேண்டும். அரை நிமிடம் வாயில் வைத்துக் கொப்பளித்துத் துப்ப வேண்டும். வீக்கத்தில் இருக்கும் நீரைக் கொஞ்சம் இழுக்கும், இதமாக இருக்கும், வாய்ப்புண்ணுக்கும் தொண்டைக் கரகரப்புக்கும் நல்லது. ஆனால் சிலர் வேதாரண்யத்துக் கல்லுப்பை விரலில் தொட்டு நேராக ஈறில் தேய்க்கிறார்கள், "எரிஞ்சாத்தான் கிருமி சாகும்" என்று ஒரு கணக்கு. எரிவது கிருமி இல்லை, ஈறு. கரைத்துக் கொப்பளியுங்கள், தேய்க்காதீர்கள். பிபி இருக்கிறதே, உப்புத் தண்ணீர் கொப்பளிக்கலாமா என்று கேட்பார்கள். துப்பிவிடுவதால் கவலை இல்லை, விழுங்கக் கூடாது.

ஒரே ஒரு சமயத்தில் மட்டும் உப்புத் தண்ணீர் கெடுதல் செய்யும்: பல் பிடுங்கிய அன்றைக்கு. பிடுங்கிய குழியில் ரத்தம் உறைந்து ஒரு மூடிபோல நிற்கும், அதுதான் அந்தப் புண்ணுக்குக் கட்டு. அன்று சாயங்காலமே வேகமாகக் கொப்பளித்தால் மூடி பெயர்ந்துவிடும், எலும்பு வெளியே தெரியும், மூன்றாம் நாள் காது வரைக்கும் இழுக்கிற வலி வரும், பல்வலியே தேவலை என்று ஆகிவிடும். 24 மணி நேரம் கழித்துத்தான் தொடங்க வேண்டும், அதுவும் வாயில் வைத்துத் தலையைச் சாய்த்து மெதுவாக வெளியே விட வேண்டும்.

நல்லெண்ணெய் பற்றி அத்தையோடு நான் சண்டை போட மாட்டேன். ஆயுர்வேதத்தில் கவளம், கண்டூஷம் என்று பேர் சொல்லியே இருக்கிற பழைய முறை. சின்ன அளவில் செய்த ஆய்வுகளில் ஊத்தையும் ஈறு வீக்கமும் ஓரளவு குறைந்தது தெரிந்திருக்கிறது. அதனால் வாய் வறட்சி உள்ள பெரியவர்களுக்கு நான் தடுப்பதில்லை. ஆனால் "எண்ணெய் வெள்ளையா மாறுது டாக்டர், உடம்புல உள்ள விஷமெல்லாம் இறங்குது" என்று சொல்லும்போதுதான் எனக்குச் சிரிப்பு வரும். எண்ணெயையும் உமிழ்நீரையும் பத்து நிமிடம் வாயில் போட்டுக் கடைந்தால் மோர் மாதிரி வெள்ளையாகத்தான் ஆகும். மத்தை வைத்துச் சட்டியில் கடைந்தாலும் அப்படித்தான் ஆகும், சட்டிக்கு என்ன நோயா? அப்புறம், துப்புவதைத் தொட்டியில் துப்பாதீர்கள், குழாய் அடைத்துக்கொள்ளும், கொல்லையில் மண்ணில் துப்பட்டும். பக்கவாதம் வந்தவர்களுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் வேண்டவே வேண்டாம், எண்ணெய் மூச்சுக் குழாய்க்குள் போனால் நுரையீரல் கெடும். உங்கள் மகளுக்கு இது தேவையில்லை.

உமிக்கரியை மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

என் பாட்டியும் உமிக்கரிதான். உமியைக் கருக்கி, இடித்து, பழைய வேட்டித் துணியில் சலித்து, ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் கொட்டி வைத்திருப்பார். கொல்லையில் அவர் துப்பிய இடம் கறுப்பாக இருக்கும், பல் என்னவோ பளபளவென்றுதான் இருந்தது. அந்தப் பளபளப்பு எங்கிருந்து வருகிறது என்பது பல் மருத்துவம் படித்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. களத்தில் நெல் தூற்றும்போது உடம்பெல்லாம் சுணை ஏறி அரிக்குமே, அந்த உமியில் மணல் இனத்தைச் சேர்ந்த சிலிக்கா நிறைய இருக்கிறது. உமியை எரித்தால் மற்றதெல்லாம் புகையாகப் போகும், அது போகாது, கரியோடு தங்கிவிடும். அதைப் போட்டுத் தேய்ப்பது பல்லுக்கு உப்புத்தாள் போடுவது. கறை போகும், கூடவே பல்லின் கெட்டியான மேல் ஓடான எனாமலும் போகும், எனாமல் ஒரு தடவை போனால் மறுபடி முளைக்காது. செங்கல் தூள், ஆற்று மணல், சாம்பல் எல்லாமே இதே கதைதான்.

போன தை மாதம் வலங்கைமான் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார், எழுபது வயதிருக்கும், ஒரு பல்கூட சொத்தை இல்லை, அதில் அவருக்குப் பெருமை. "பச்சைத் தண்ணி குடிச்சா சுரீர்ங்குது, அவ்வளவுதான்" என்றார். வாயைத் திறக்கச் சொன்னேன். ஈறை ஒட்டி ஒவ்வொரு பல்லின் கழுத்திலும் ஒரு வெட்டு, தென்னையில் ஏறுவதற்காக மரமேறிகள் கொத்தி வைப்பார்களே, அந்த மாதிரி வரிசையாகப் பள்ளம். வலது பக்கத்தைவிட இடது பக்கம் ஆழம் அதிகம், வலது கையால் தேய்ப்பவர்களுக்கு இடது பக்கம்தான் அழுத்தம் கூடுதலாக விழும். கண்ணாடியைக் கொடுத்து அவர் விரல் நகத்தையே அந்தப் பள்ளத்தில் வைத்துப் பார்க்கச் சொன்னேன். நகம் போய் மாட்டிக்கொண்டது. கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் "ஐம்பது வருஷமா கரிதான் சார்" என்றார். பள்ளங்களை அடைத்து அனுப்பினேன், ஆனால் அடைத்தது அடைத்ததுதான், பழைய பல் ஆகாது. அத்தையிடம் வாதம் செய்யாதீர்கள், இந்த நகச் சோதனையை மட்டும் செய்து பார்க்கச் சொல்லுங்கள்.

இந்த இடத்தில் "ஆலும் வேலும் பல்லுக்குறுதி" என்று அவர் எடுத்துவிடுவார், எடுத்துவிடட்டும். அதில் உமிக்கரி இல்லை, குச்சிதான் இருக்கிறது. வேல் என்றால் வேம்பு என்று பலர் நினைக்கிறார்கள், அது கருவேல். ஆலிலும் கருவேலிலும் துவர்ப்பு அதிகம், ஈறுக்கு இதம், குச்சியின் நுனியை மென்று நாராக்கித் தேய்ப்பதால் ஊத்தையும் போகும். பார்த்தீர்களா, அங்கேயும் தேய்ப்புதான் வேலை செய்கிறது. குச்சியில் உள்ள ஒரே குறை, கடைவாயின் உள்பக்கத்துக்கு அது எட்டாது, சொத்தை அதிகம் வருவதும் கடைவாய்ப் பற்களில்தான்.

கொய்யா இலைக் கஷாயம், திரிபலா தண்ணீர், மஞ்சள் தண்ணீர் எல்லாம் உப்புத் தண்ணீர்க் கணக்கில்தான். கொப்பளிக்கலாம், கெடுதல் இல்லை, கிளீனிங்குக்குப் பதில் ஆகாது. எலுமிச்சம்பழத்தில் உப்பைத் தொட்டுப் பல்லில் தேய்ப்பது மட்டும் கூடவே கூடாது. எலுமிச்சைச் சாற்றின் புளிப்பில் எனாமல் நேராகக் கரையும். பல் வெளுத்த மாதிரி தெரிவது மேல்தோல் கரைந்ததால்தான், பிறகு உள்ளே இருக்கும் மஞ்சள் வெளியே தெரிய ஆரம்பிக்கும். நெஞ்செரிச்சலோ வாந்தியோ இருந்து வாயில் புளிப்பு ஏறுகிறவர்கள் ஒரு டம்ளர் தண்ணீரில் அரை டீஸ்பூன் ஆப்ப சோடா கலந்து கொப்பளிக்கலாம், புளிப்பை அடக்கும்.

இப்போது உங்கள் மகள். இதுதான் அவசரம், கடிதத்தில் நீங்கள் நடுவில் ஒரு வரியாக எழுதிவிட்டீர்கள்.

ஒன்பது வயதில் கீழ்க் கடைவாயில் இருப்பதெல்லாம் பால்பல் இல்லை. ஆறு வயதிலேயே பால்பல் வரிசைக்குப் பின்னால் ஒரு பெரிய கடைவாய்ப் பல் முளைத்துவிடும். எந்தப் பல்லும் விழாமல், சத்தம் போடாமல் பின்னால் முளைப்பதால் வீட்டில் யாருக்கும் தெரியாது. அது நிரந்தரப் பல், ஆயுசுக்கும் அதுதான். "விழுந்துடும்" என்று விட்டுவிட்டு பன்னிரண்டு வயதில் பிடுங்குவதற்குக் கூட்டிவருகிற குழந்தைகளைப் பார்த்தால் எனக்கு அப்பா அம்மா மேல் கோபம் வரும், பிறகு எனக்கே தெரியும், யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை என்று. எளிய கணக்கு: கீழே நடுக்கோட்டிலிருந்து ஒரு பக்கமாக எண்ணுங்கள், ஆறாவதாக நிற்பது நிரந்தரப் பல். ஓட்டை அதில்தான் என்றால் இந்த வாரமே கூட்டிப்போங்கள். ஐந்தாவதோ நான்காவதோ என்றால் அது பால்பல்லாக இருக்கலாம், ஆனால் அந்தக் கடைவாய்ப் பால்பல் விழுவதற்கே பத்து, பன்னிரண்டு வயது ஆகும், அதுவரை சீழ் வைத்துக்கொண்டு பிள்ளை எப்படிச் சாப்பிடும்? அதுவும் காட்ட வேண்டியதுதான்.

கிராம்பு கெட்டது இல்லை. பல் டாக்டர் கிளினிக்குக்குள் நுழைந்ததும் ஒரு வாசனை அடிக்குமே, அது பெரும்பாலும் கிராம்பு வாசனைதான். அதில் உள்ள யூஜினால் நரம்பை மரத்துப்போகச் செய்யும், நாங்கள் தற்காலிகமாக அடைக்கும் மருந்திலும் அதைக் கலக்கிறோம். நடுராத்திரி வலி வந்தால் ஒரு கிராம்பை வலிக்கும் பல்லருகில் வைத்து லேசாகக் கடித்துக்கொள்ளலாம், பெரியவர்கள். ஆனால் தைலம் என்பது அதன் சாறு, வீரியம் அதிகம். பஞ்சில் நனைத்து ராத்திரி முழுக்க வைத்துக்கொண்டு, காலையில் கன்னத்தின் உள்பக்கம் வெந்து வெள்ளையாகத் தோல் உரிந்து வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். குழந்தைக்குத் தைலம் வைக்கவே கூடாது, விழுங்கினால் ஆபத்து. ஆஸ்பிரின் மாத்திரையைப் பொடித்து ஈறில் வைப்பது, சாராயத்தில் பஞ்சு நனைப்பது, கற்பூரம், மண்ணெண்ணெய், எல்லாம் வேக வைக்கிற ரகம்தான். புகையிலையைச் சொத்தையில் அடக்கி வைப்பது எல்லாவற்றிலும் மோசம், பல்வலி போன பிறகும் புகையிலை போகாது, அப்படிப் பழகியவர்கள் நம் பக்கத்தில் எத்தனையோ பேர்.

ஒரு விஷயம் கவனியுங்கள், ஓட்டை விழுந்த பல்லில் வலி தானாக நின்றால் அது நல்ல செய்தி இல்லை. பெரும்பாலும் உள்ளே நரம்பு செத்துவிட்டது என்று அர்த்தம். "கிராம்பு வச்சேன், சரியாப் போச்சு" என்பதன் உள்கதை பல தடவை இதுதான், ஆறு மாதம் கழித்துக் கன்னம் வீங்கும்போது தெரியும்.

பேஸ்ட் கெமிக்கல் என்கிறார் அல்லவா, உப்பும் கெமிக்கல்தான், வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பும் கெமிக்கல்தான். பேஸ்ட்டில் எனக்கு முக்கியம் ஃபுளோரைடு மட்டும்தான், 1000 பிபிஎம் அளவு இருந்தால் போதும், அட்டையிலேயே போட்டிருக்கும். அது எனாமலை உறுதியாக்கும், உப்போ எண்ணெயோ அதைச் செய்யாது. மகளுக்குப் பட்டாணி அளவு பேஸ்ட், மென்மையான பிரஷ், ராத்திரி படுக்கும் முன் கட்டாயம். காலையில் காபிக்கு முன்னால் தேய்க்கிறோமே என்று ராத்திரியை விட்டுவிடுகிறோம், தூங்கும்போதுதான் உமிழ்நீர் குறையும், கிருமிக்கு அதுதான் குறுவை அறுவடை. தேய்த்த பிறகு வாயை நாலு தடவை கொப்பளித்துக் கழுவாமல், நுரையைத் துப்பினால் போதும், அந்த ஃபுளோரைடு கொஞ்ச நேரம் பல்லில் இருக்கட்டும். நமக்கு இது பழக்கமில்லாத ஒன்று, கொப்பளித்தே பழகிய வாய்கள் நம்முடையவை. சாப்பிட்டு எழுந்ததும் கை கழுவும்போதே வாயும் கொப்பளிக்கும் நம் ஊர் வழக்கம் இருக்கிறதே, அது அருமையான வழக்கம், அதை அங்கே வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கணவருக்கு: வாங்கி வந்திருப்பது குளோர்ஹெக்சிடின் என்றால் அது உண்மையிலேயே நல்ல மருந்து, ஆனால் மருந்து, ரெண்டு வாரத்துக்கு மேல் தானாகத் தொடரக் கூடாது. பல்லில் பழுப்புக் கறை படியும், டீ காபி குடிப்பவர்களுக்கு இன்னும் அதிகமாக, நாக்கில் ருசியும் மாறும். பேஸ்ட் போட்ட உடனே கொப்பளித்தால் பேஸ்ட்டில் உள்ள நுரைப்பொருள் அதன் வீரியத்தைக் கெடுத்துவிடும், அரை மணி நேரமாவது இடைவெளி வேண்டும்.

இனி நீங்கள் எழுதாத ரெண்டு விஷயத்தைக் கேட்கிறேன். அத்தை பிபிக்கு மாத்திரை சாப்பிடுகிறாரா? அம்லோடிபின் என்ற மாத்திரையால் சிலருக்கு ஈறு தடித்து வளரும், பல்லை மூடிக்கொண்டு வரும், ஊத்தை சேர்ந்து ரத்தமும் கசியும். அப்படி இருந்தால் நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், மாத்திரை எழுதிய டாக்டரிடம் சொன்னால் மாற்றிக்கொடுப்பார். சர்க்கரையும் பார்த்துவிடுங்கள், சர்க்கரை கூடினால் ஈறு கெடும், ஈறு கெட்டால் சர்க்கரை அடங்க மறுக்கும். ரத்தம் உறையாமல் இருக்க ஏதாவது சாப்பிட்டாலும் கசிவு வரும்.

அடுத்தது, வெற்றிலை. தஞ்சை மாவட்டத்தில் 66 வயது அம்மாளைப் பற்றி எழுதும்போது வெற்றிலைப் பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லாதது எனக்கு ஆச்சரியம்தான். வெறும் கொழுந்து வெற்றிலையோடு எனக்குப் பகை இல்லை. கும்பகோணத்துச் சீவலோடுதான் பகை, சொல்ல எனக்கே சங்கடமாக இருக்கிறது, ஊர்ப் பெருமையில் கை வைக்கிற மாதிரி. ஆனால் பாக்கு தனியாகவே புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-லேயே வகைப்படுத்திவிட்டது, புகையிலை சேராவிட்டாலும்கூட. வருடக்கணக்கில் பாக்கு அடக்குகிறவர்களுக்குக் கன்னத் தசை உள்ளே நார்போல இறுகும், காரம் பட்டால் எரியும், வாய் திறப்பது குறைந்துகொண்டே வரும். அத்தையை வாய் திறக்கச் சொல்லி அவருடைய மூன்று விரலை நெட்டுக்குத்தாக உள்ளே வைக்க முடிகிறதா என்று பாருங்கள். வெள்ளையாகவோ சிவப்பாகவோ திட்டு, ரெண்டு வாரமாகியும் ஆறாத புண், இவை இருந்தால் எந்தக் கொப்பளிப்பும் வேண்டாம், உடனே காட்டுங்கள்.

கிளீனிங் என்றதும் "பல் ஆட்டம் கண்டுடும்" என்று அவர் பயப்படுவார், எல்லோரும் சொல்வதுதான். காரை சிமெண்ட் மாதிரி பல்லைப் பிடித்துக்கொண்டிருந்தால், எடுத்ததும் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்த ஆட்டம் வெளியே தெரியும். அது கிளீனிங் உண்டாக்கிய ஆட்டம் இல்லை. ரெண்டு நாள் கூச்சம் இருக்கும், அந்த ரெண்டு நாளும் அத்தையின் உப்புத் தண்ணீருக்கு நல்ல வேலை இருக்கிறது.

செலவு யோசனையாக இருந்தால் கும்பகோணம் அரசு தலைமை மருத்துவமனையிலும் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் பல் பிரிவு இருக்கிறது. பாட்டி பேத்தி ரெண்டு பேரையும் ஒரே நாளில் கூட்டிப்போங்கள், முதலில் சின்னவளை உட்கார வையுங்கள், அவள் பயப்படாமல் உட்கார்ந்துவிட்டால் பெரியவர் மறுக்க முடியாது. மாத்திரை அட்டைகளை மறக்காமல் பையில் போட்டுக்கொள்ளுங்கள், வெற்றிலைப் பெட்டியை வீட்டிலேயே வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள்.